எந்தப் பர்கண்டி? ஆங்கிலத்தில் பிரெஞ்சு வட்டாரப் பெயர்கள்

பிரான்சின் மேற்கே, லுவார் ஆற்றங்கரையில் அமைந்த நாந்த் நகரின் நடுவே அகழி சூழ்ந்த ஒரு கோட்டை இருக்கிறது. பிரிட்டனி டியூக்குகளின் கோட்டை என்பது அதன் பெயர். பிரிட்டனியின் தன்னாட்சியைக் காக்கப் போராடிய கோமகள் ஆன் 1477-இல் பிறந்தது அந்த நகரில்தான். ஆனால் இன்றைய பிரெஞ்சு நிர்வாக வரைபடத்தில் நாந்த் பிரிட்டனிக்குள் இல்லை. பேயி-து-லா-லுவார் என்ற வேறொரு பிராந்தியத்தின் தலைநகராக அது இருக்கிறது. அப்படியானால் ‘பிரிட்டனியின் நாந்த்’ என்று ஆங்கிலத்தில் எழுதுபவர் தவறு செய்கிறாரா? 15ஆம் நூற்றாண்டைப் பற்றி எழுதினால் தவறில்லை. இன்றைய பிராந்திய மன்றத்தைப் பற்றி எழுதினால் தவறு.

பிரெஞ்சு வட்டாரப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடுகிறது. ஆங்கிலம் வழங்கும் பிரிட்டனியா, பிரெஞ்சுக்காரர் சொல்லும் பிரெத்தாஞா? பர்கண்டியா, பூர்கோஞா? இந்தக் கேள்விக்கு ஒரே விடை தேடுகிறவர்கள், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிடுகிறார்கள். எந்த நிலப்பரப்பை, எந்தக் காலத்தில் இருந்த எல்லையோடு சொல்கிறோம் என்பதே அந்தக் கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால், எந்த வடிவத்தை எழுதுவது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

ஆங்கிலப் பெயர்கள் வந்த வழி

பிரான்சின் எல்லா வட்டாரங்களுக்கும் ஆங்கிலத்தில் தனிப் பெயர் கிடையாது. நார்மண்டி, பிரிட்டனி, பர்கண்டி, கஸ்கனி, பிக்கார்டி, சவாய், கோர்சிகா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கே உண்டு. ப்ரொவான்ஸ், அல்சாஸ், லொரேன், ஓவெர்ஞ், லிமுசேன் ஆகியவற்றை ஆங்கிலம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலிலேயே ஏற்றுக்கொண்டது. உச்சரிப்பை மட்டும் தன் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டது.

முதல் பட்டியலைப் பார்த்தால் இங்கிலாந்தின் இடைக்கால வரலாறு கண்முன் வருகிறது. நார்மண்டியின் டியூக் 1066-இல் இங்கிலாந்தின் அரசரானார். அக்கித்தேனின் எலியனோர் 1152-இல் ஹென்றி பிளாண்டாஜெனெட்டை மணந்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் இரண்டாம் ஹென்றியாக இங்கிலாந்தின் அரியணை ஏற, எலியனோரின் உடைமையாக இருந்த கஸ்கனி ஆங்கில அரசர்களின் கைக்கு வந்து 1453 வரை அங்கேயே இருந்தது. நூறாண்டுப் போரில் பர்கண்டி சில காலம் இங்கிலாந்தின் கூட்டாளி. பிக்கார்டி போர்க்களம், அதை ஒட்டிய கலே துறைமுகம் 1558 வரை ஆங்கிலேயர் வசம் இருந்தது. படைவீரர்களும் ஒயின் வணிகர்களும் தூதர்களும் அன்றாடம் புழங்கிய பெயர்கள் இவை.

ஆனால் நெருக்கம் மட்டும் காரணமாக இருந்தால் ஆன்ஜுவுக்கும் புவாத்துவுக்கும் தூரேனுக்கும் ஆங்கிலப் பெயர் பிறந்திருக்க வேண்டும். அவையும் இரண்டாம் ஹென்றியின் ஆட்சியில் இருந்தவைதான். அப்படி நிகழவில்லை. பெயரின் ஈற்றொலியும் இதில் பங்கு வகித்தது. நோர்மாந்தி, பிக்கார்தி என்னும் பிரெஞ்சுப் பெயர்களின் இகர ஈற்றுக்கு ஆங்கிலம் தன் ‘ஒய்’ எழுத்தை இட்டது. லத்தீனில் ‘னியா’ என முடிந்தவை ‘னி’ ஆகின. பிரித்தானியா பிரிட்டனியாகவும் வஸ்கோனியா கஸ்கனியாகவும் மாறியது அப்படித்தான். மாற்றக்கூடிய ஈறு இல்லாத பெயர்களை ஆங்கிலம் தொடவில்லை.

ஆகவே ஆங்கில வடிவங்களைச் சிதைந்த உச்சரிப்பு என்று தள்ளிவிட முடியாது. பர்கண்டி என்ற பெயரில் உள்ள ‘ட’ ஒலி, புர்குந்தியா என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது. இன்றைய பிரெஞ்சு வடிவமான பூர்கோஞ்சில்தான் அது தேய்ந்து மறைந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலம் மூலத்துக்கு அருகில் நிற்கிறது. கோர்சிகாவின் கதை வேறு. ஜெனோவா 1768-இல் அந்தத் தீவைப் பிரான்சிடம் ஒப்படைத்தது. அதற்கு முன்பே இத்தாலிய வடிவம் ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டதால், பிரெஞ்சுக்காரரின் ‘கோர்ஸ்’ அங்கே இடம்பிடிக்கவில்லை.

ஒரு பெயர், பல எல்லைகள்

சிக்கல் உண்மையில் தொடங்குவது எல்லைகளில். பர்கண்டி என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது எதைக் குறிக்கும்? 5ஆம் நூற்றாண்டில் ரோன் பள்ளத்தாக்கில் புர்குந்தியர் நிறுவிய அரசாக இருக்கலாம். திஜோனைத் தலைநகராகக் கொண்ட டியூக்குகளின் நாடாக இருக்கலாம். அந்த டியூக்குகள் 15ஆம் நூற்றாண்டில் பிளாண்டர்ஸ், பிரபாண்ட் வரை விரித்த ஆட்சியாகவும் இருக்கலாம். கலை வரலாற்று நூல்கள் ‘பர்கண்டி அரசவை’ என்று எழுதும்போது பல இடங்களில் இன்றைய பெல்ஜியத்தைத்தான் பேசுகின்றன. டியூக் சார்ல் 1477-இல் நான்சி போரில் மாண்டதும் டியூக்கின் நிலம் பிரெஞ்சு முடியாட்சிக்குப் போயிற்று. ‘பர்கண்டிக் கவுண்டி’ என்று தனியாக இருந்த பிரான்ஷ்-கோம்தே 1678-இல்தான் பிரான்சிடம் உறுதியாகச் சேர்ந்தது. இவ்விரண்டையும் ஒட்டவைத்து 2016-இல் பூர்கோஞ்-பிரான்ஷ்-கோம்தே என்ற பிராந்தியம் பிறந்தது. இவற்றுக்கு மேல் ஒயின் ஒன்று இருக்கிறது. அதன் எல்லை வேறு சட்டத்தால் வரையறுக்கப்பட்டது.

இவ்வளவு குழப்பத்துக்கும் பிரெஞ்சு அரசே தன் பங்கைச் செய்திருக்கிறது. புரட்சியாளர்கள் பழைய மாகாணங்களை ஒழித்து 1790-இல் நாட்டை 83 மாவட்டங்களாகப் பிரித்தார்கள். பழைய விசுவாசங்களை அறுப்பதே நோக்கம் என்பதால் மாவட்டங்களுக்கு ஆறு, மலை, கடற்கரைகளின் பெயர்களை வைத்தார்கள். பிரிட்டனியும் நார்மண்டியும் சட்டத்தின் கண்ணில் மறைந்தன. மக்கள் பேச்சில் மறையவில்லை. 20ஆம் நூற்றாண்டில் மாவட்டங்களைத் தொகுத்துப் பிராந்தியங்களை உருவாக்கியபோது பழைய பெயர்கள் திரும்பி வந்தன, ஆனால் பழைய எல்லைகளோடு அல்ல. நாந்த் அப்படித்தான் வெளியே போனது. விஷி அரசு 1941-இல் நாந்த் இருந்த மாவட்டத்தைப் பிரிட்டனியிலிருந்து பிரித்தது. போருக்குப் பின் 1950களில் வரைந்த திட்டப் பிராந்தியங்களும் அதே பிரிவினையைப் பின்பற்றின. 1982-இன் அதிகாரப் பரவல் சட்டம் பிராந்தியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களை வழங்கியது. 2016 ஜனவரி 1 முதல், ஐரோப்பியப் பகுதியில் இருந்த 22 பிராந்தியங்கள் 13 ஆகக் குறைந்தன.

இந்த இணைப்பில் பிறந்த ஒக்ஸிதானி நல்ல பாடம். ஒக்ஸிதான் மொழி வழங்கிய நிலம் பிரான்சின் தென்பகுதி முழுவதும் பரந்தது. ப்ரொவான்ஸ், லிமுசேன், ஓவெர்ஞ், கஸ்கனி எல்லாம் அதில் அடக்கம். ஸ்பெயினின் ஆரான் பள்ளத்தாக்கும் இத்தாலியின் மலையோரப் பள்ளத்தாக்குகள் சிலவும்கூட அதில் சேரும். ஆனால் லாங்குதோக்-ரூசியோனையும் மிதி-பிரேனேயையும் இணைத்து 2016-இல் உருவான பிராந்தியம் இந்தப் பரப்பின் ஒரு பகுதியை மட்டும் கொண்டு, முழுமைக்கான பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. போதாததற்கு, ஒக்ஸிதான் அல்லாத காத்தலான் மொழிப் பகுதியும் அதற்குள் வந்தது. தங்கள் பெயர் விடுபட்டதை எதிர்த்துப் பெர்ப்பிஞான் நகரில் காத்தலானியர் அதே ஆண்டு ஊர்வலம் போனார்கள். கவனமாக எழுதும் ஆங்கிலேயர் இதைத் தங்கள் மொழியில் எளிதாகத் தீர்த்துக்கொள்கிறார்கள். மொழியும் பண்பாடும் சார்ந்த பெருநிலத்துக்கு ஆக்ஸிடேனியா. நிர்வாகப் பிராந்தியத்துக்குப் பிரெஞ்சு வடிவமான ஒக்ஸிதானி. இரண்டு வடிவங்கள் கைவசம் இருப்பது இங்கே சுமையல்ல, வசதி.

அல்சாஸ்-லொரேன் இதற்கு நேர்மாறான கேடு. 1871-இல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது அல்சாஸின் பெரும்பகுதியையும் லொரேனின் ஒரு துண்டையும்தான். அந்தத் துண்டு ஏறக்குறைய இன்றைய மொசெல் மாவட்டம். 1905-இல் பிரான்ஸ் மதத்தையும் அரசையும் பிரிக்கும் சட்டத்தை இயற்றியபோது அந்த நிலம் ஜெர்மனியில் இருந்தது. 1918க்குப் பின் திரும்பி வந்தும் அந்தச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வரவில்லை. இன்றும் அங்கே பாதிரிமார்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. இந்தத் தனிச்சட்ட நிலத்தைப் பிரெஞ்சு வழக்கறிஞர்கள் அல்சாஸ்-மொசெல் என்று துல்லியமாகச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் பழக்கத்தால் அல்சாஸ்-லொரேன் என்று எழுதினால், 1905-இன் சட்டம் எப்போதும் செல்லுபடியான நான்சி, வெர்தன் நகரங்களும் தவறாக உள்ளே வந்துவிடும்.

மாவட்டப் பெயர்களும் மாறாதவை அல்ல. ‘இன்ஃபெரியர்’ என்றால் பிரெஞ்சில் ஆற்றின் கீழ்ப்பகுதி என்று பொருள். ‘தாழ்ந்தது’ என்றும் பொருள். அந்த இரண்டாம் பொருள் உறுத்தியதால் சாராந்த்-இன்ஃபெரியர் 1941-லும், சேன்-இன்ஃபெரியர் 1955-லும், லுவார்-இன்ஃபெரியர் 1957-லும் கடலோரப் பெயர்களுக்கு மாறின. ‘கீழ்’ என்று தொடங்கிய பாஸ்-பிரேனே 1969-இலும், பாஸ்-ஆல்ப் 1970-இலும் அந்தச் சொல்லைக் கைவிட்டன. 1944 செப்டம்பரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சில் தரைமட்டமான ல ஆவ்ர் துறைமுகம் அன்று சேன்-இன்ஃபெரியரில் இருந்தது. இன்று அது சேன்-மரித்தீம். வரலாற்றை எழுதுபவர் அன்றைய பெயரை எழுதி, இன்றைய பெயரை ஒருமுறை குறிப்பிட்டால் போதும்.

மொழிபெயர்த்தால் ஊர் மாறும்

வழக்கில் நிலைத்த ஆங்கிலப் பெயரைப் பயன்படுத்துவது ஒன்று. பிரெஞ்சு நிர்வாகப் பெயரைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்குவது முற்றிலும் வேறு. இரண்டாவது ஏறக்குறைய எப்போதும் தவறில் முடிகிறது.

அல்சாஸில் பா-ரேன், ஓ-ரேன் என்று இரு மாவட்டங்கள். நேர்ப்பொருளில் கீழ் ரைன், மேல் ரைன். ரைன் வடக்கு நோக்கிப் பாய்வதால் ‘கீழ்’ மாவட்டம் வரைபடத்தில் மேலே இருக்கும். அந்தக் குழப்பத்தையாவது விளக்கிவிடலாம். ஆனால் ஆங்கிலத்தில் ‘லோயர் ரைன்’ என்று எழுதியதும் வாசகர் போய்ச் சேரும் இடம் ஸ்ட்ராஸ்பூர் அல்ல. பல நூறு கிலோமீட்டர் வடக்கே டுசல்டோர்ஃபைச் சுற்றியுள்ள ஜெர்மானிய நிலம். அந்தப் பகுதிக்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே அந்தப் பெயர் உண்டு.

ஓ-து-பிரான்ஸ் என்பது 2016-இல் வடகோடிப் பிராந்தியத்துக்கு வைத்த பெயர். ‘பிரான்சின் உயரங்கள்’ என்று மொழிபெயர்த்தால், மலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத ஒரு சமவெளியை மலைநாடாக்கிவிடுகிறோம். அந்த ‘உயரம்’ வரைபடத்தின் மேல்பக்கத்தையே சுட்டுகிறது.

ஈல்-து-பிரான்ஸ் இன்னும் சுவையானது. பாரிசைச் சுற்றியுள்ள அந்தப் பகுதியை ‘பிரான்ஸ் தீவு’ என்று ஆங்கிலமாக்குவது வேடிக்கை மட்டுமல்ல. ‘ஐல் ஆஃப் பிரான்ஸ்’ என்ற பெயர் பழைய ஆங்கில ஆவணங்களில் உண்மையாகவே உண்டு. ஆனால் அது மொரீஷியஸைக் குறிக்கிறது. 1715 முதல் பிரிட்டிஷார் கைப்பற்றிய 1810 வரை அந்தத் தீவின் பெயர் அதுதான். 18ஆம் நூற்றாண்டில் பாண்டிச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்தக் காலக் கடிதத்தில் இந்தப் பெயரைக் கண்டு பாரிசை நினைப்பவர் கடலையே தவறவிட்டுவிடுவார்.

இடைக்கோடுகளும் உச்சரிப்புக் குறிகளும் மட்டுமல்ல, ஈற்றில் நிற்கும் ஓர் எழுத்துகூடப் பொருளுள்ளது. மலைக்காட்டுக்கும் மாவட்டத்துக்கும் ஆர்தென் என்ற பெயர் பன்மை ‘எஸ்’ எழுத்தோடு எழுதப்படும். முன்பிருந்த ஷாம்பாஞ்-ஆர்தென் பிராந்தியத்தில் அந்த எழுத்து கிடையாது. ஷெனோன்சோ அரண்மனையின் பெயரில் இறுதி ‘எக்ஸ்’ இல்லை. அதே பெயருள்ள கிராமத்துக்கு உண்டு.

ஈற்றில் இருக்கும் வரலாறு

ஆங்கிலத்தில் வட்டாரப் பெயரின் பெயரடை வடிவம் தனிக் கவனம் கோருகிறது. ஆன்ஜுவுக்கு ஆஞ்செவின், புவாத்துவுக்குப் பொய்டெவின், சவாய்க்குச் சவாயர்ட் என்று பெயரைப் பார்த்து ஊகிக்க முடியாதவை பல. பிரிட்டனியின் மொழியும் மக்களும் பிரெட்டன். அதைப் ‘பிரிட்டிஷ்’ என்று எழுதிவிட்டால் கடல் கடந்துவிடும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து குடியேறியவர்களே அந்த நிலத்துக்குத் தங்கள் பெயரைக் கொண்டுவந்தார்கள். பிரெட்டன் நிலத்தில் கோர்னுவாய் என்றொரு பகுதி உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வாலைப் பிரெஞ்சுக்காரர் ஓர் ‘எஸ்’ கூட்டி அதே பெயரால் அழைக்கிறார்கள். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுபவர் இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காவிட்டால் வாசகரைத் தவறான கரையில் இறக்கிவிடுவார்.

பெயரடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் இடையே ஆங்கிலம் காலத்தையே பிரித்து வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. 1066-இன் நிகழ்வு ‘நார்மன்’ வெற்றி. 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் கரையிறங்கியது ‘நார்மண்டி’ தரையிறக்கம். இவற்றை இடம் மாற்றினால் இரண்டுமே பிழை. நார்மன் என்பது ஒரு மக்களையும் அவர்கள் ஆட்சியையும் கட்டடக் கலையையும் சுட்டுகிறது. நார்மண்டி நிலத்தைச் சுட்டுகிறது. அவ்வாறே அரசவை ‘பர்கண்டியன்’, ஒயின் ‘பர்கண்டி’. எந்தப் பொருள், எந்தக் காலம் என்ற கேள்விக்கு ஆங்கில இலக்கணமே விடை தரும் இடம் இது.

புறப்பெயர்களை ஒழிக்க வேண்டுமா?

ஓர் இடத்துக்கு அங்குள்ளவர் வைத்த பெயரை அகப்பெயர் என்றும், வெளியார் வழங்கும் பெயரைப் புறப்பெயர் என்றும் சொல்லலாம். புறப்பெயருக்கான ஆங்கிலக் கலைச்சொல்லை 1957-இல் உருவாக்கியவர் ஆஸ்திரேலியப் புவியியலாளர் மார்செல் ஒரூசோ. 1972-இல் லண்டனில் கூடிய ஐ.நா. புவியியல் பெயர் மாநாடு, பன்னாட்டுப் பயன்பாட்டில் புறப்பெயர்களைக் குறைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. ஆங்கிலச் செய்தித்தாள்களும் பொதுவாக அந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. லியோனுக்கும் மார்செய்க்கும் இறுதியில் ஒட்டியிருந்த ‘எஸ்’ எழுத்து அநேகமாக மறைந்துவிட்டது. ரான்ஸ் நகரின் பெயரில் இருந்த ‘எச்’ எழுத்தும் போய்விட்டது.

வணிகமும் இதில் சேர்ந்துகொண்டது. பர்கண்டி ஒயின் உற்பத்தியாளர்களின் பொது அமைப்பு, ஆங்கிலத்திலும் ‘பூர்கோஞ்’ என்றே எழுதுமாறு உலகைக் கேட்கிறது. புட்டியின் சீட்டில் பூர்கோஞ் என்று இருக்க, விளம்பரத்தில் பர்கண்டி என்று இருந்தால் வாங்குபவர் குழம்புவார் என்பது அவர்கள் வாதம். ஒயினைப் பொறுத்தவரை அது நியாயமான வாதமே. சீட்டில் உள்ளது சட்டம் காக்கும் பெயர்.

ஆனால் அந்த வாதத்தை வரலாற்றுக்கு நீட்ட முடியாது. 1415-இல் ஐந்தாம் ஹென்றி வென்ற போர் ஆங்கிலத்தில் அஜின்கோர்ட்; அது நடந்த கிராமம் அஸான்கூர். போரைப் பற்றி எழுதும்போது முதல் வடிவமும், அந்தக் கிராமத்துக்குப் போகும் வழியைச் சொல்லும்போது இரண்டாவதும் பொருந்தும். 1940-இன் படைவெளியேற்றம் டன்கர்க் என்ற பெயரிலேயே நிலைத்துவிட்டது. பிரெஞ்சுக்காரரும் லண்டனை ‘லோந்த்ர்’ என்றும் டோவரை ‘தூவ்ர்’ என்றும் தயக்கமின்றிச் சொல்கிறார்கள். புறப்பெயர் அவமதிப்பல்ல, நெடுங்காலப் பழக்கத்தின் தடம்.

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் ஒழுங்கு எளிது. வரலாற்று நிலத்துக்கும் பண்பாட்டுக்கும் நிலைத்த ஆங்கிலப் பெயர் இருந்தால் அதையே எழுதலாம். இன்றைய நிர்வாக அலகுக்குப் பிரெஞ்சு அதிகாரப்பூர்வ வடிவம், குறிகளோடு. சவாய் என்பது டியூக்குகளின் நாடு. 1860-இல் பிரான்சோடு இணைந்த பின் அமைந்த மாவட்டங்கள் சவுவாவும் ஓத்-சவுவாவும். ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது அந்த ஆவணத்தின் பெயர். புதிதாக எதையும் மொழிபெயர்க்கக் கூடாது. நார்மண்டி, பிரிட்டனி போன்ற சிலவற்றில் பிராந்தியத்துக்கும் ஆங்கிலப் பெயரே வழங்குகிறது. அங்கே எல்லை முக்கியமானால் ‘இன்றைய பிராந்தியம்’ என்று ஒரு சொல் கூட்டுவது போதும்.

தமிழில் எழுதும்போது

இந்தியத் தமிழுக்குப் பிரெஞ்சு வட்டாரப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வருகின்றன. அதனால்தான் நாம் நார்மண்டி, பர்கண்டி என்கிறோம். பிரான்சில் வாழும் ஈழத்தமிழர் பெயர்களைப் பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்தே கேட்கிறார்கள். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி அவர்கள் எழுத்தில் லாச்சப்பல் ஆனது அப்படித்தான். இரு வழிகளுக்கும் இடம் உண்டு. வரலாற்று நிலங்களுக்கு வாசகர் அறிந்த ஆங்கிலவழி வடிவத்தைக் கைவிடத் தேவையில்லை. ஆனால் ஆங்கிலமே பிரெஞ்சு வடிவத்தை எழுதும் இடத்தில், ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் படியெடுப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அங்கே தமிழுக்கு ஆங்கிலத்தைவிட வசதி அதிகம். பூர்கோஞ், பிரெத்தாஞ், ஷாம்பாஞ், தோர்தோஞ் ஆகியவற்றின் கடைசி ஒலிக்கு ஆங்கில நெடுங்கணக்கில் தனி எழுத்தே இல்லை. தமிழில் ஞகரம் இருக்கிறது. ‘டார்டோக்னே’ என்று ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்து எழுதும் பழக்கத்தை விடுவதற்கு அது ஒன்றே போதும். அதற்கு மேல் வேண்டியது, பெயரை எழுதுமுன் வரைபடத்தில் எல்லையையும் ஆண்டையும் ஒருமுறை சரிபார்க்கும் உழைப்பு. ஒலி பிசகினால் வாசகர் பொறுத்துக்கொள்வார். நிலம் பிசகினால் கட்டுரையின் வாதமே பிசகிவிடும்.